பழைய கேசட் வீடியோவுக்குச் சினிமா அசைவு: கேள்வி-பதில்

மினி-டிவி (MiniDV) என்ற கேம்கார்டர் கேசட்டில் இருந்த கல்யாண வீடியோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். யாராவது கையை ஆட்டினால் ஓரமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழுகிறது. கேசட் கெட்டுவிட்டதா?

கேசட் நன்றாகத்தான் இருக்கிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்தது பால் (PAL) என்ற டிவி முறை: நொடிக்கு 25 ஃபிரேம், ஃபிரேமுக்கு 576 வரி. கேமரா அந்த 576-ஐயும் ஒரே சமயத்தில் எடுப்பதில்லை. ஒன்றுவிட்டு ஒன்றாக 288 வரிகளை ஒரு தடவையும், மீதி 288-ஐ 1/50 நொடி கழித்தும் எடுக்கும். இந்தப் பாதிப் படம்தான் ஃபீல்டு, இப்படிப் பாதி பாதியாக எடுப்பது இன்டர்லேஸ். பழைய பிக்சர் டியூப் டிவி ஃபீல்டுகளை அதே வரிசையில் காட்டியதால் தொந்தரவு தெரியவில்லை. மானிட்டரோ இரண்டையும் ஒன்றாக அடுக்கிக் காட்டுகிறது. அந்த 1/50 நொடியில் கை நகர்ந்த தூரம்தான் நீங்கள் பார்க்கும் பல்.

ஃபயர்வயர் கேபிள் வழியாக வந்த ஃபைல் மணிக்கு சுமார் 13 ஜிபி இருக்கும். இடம் பிடிக்கிறது என்று அதை அழித்துவிடாதீர்கள். இனி செய்யும் வேலை எல்லாம் நகலில்தான்.

எடிட்டிங் மென்பொருளில் டிஇன்டர்லேஸ் டிக் போட்டால் பல் போகிறது, ஆனால் படம் மங்கிவிடுகிறது. ஏன்?

பல மென்பொருள்கள் ஒரு ஃபீல்டைத் தூக்கி எறிந்துவிட்டு, மிச்சமிருக்கும் 288 வரியை இழுத்து 576 ஆக்குகின்றன. மேளக்காரரின் வேட்டிக் கரை படிக்கட்டு மாதிரி உடைவது அதனால்தான்.

எதையும் எறியாமல், ஒவ்வொரு ஃபீல்டையும் முழு ஃபிரேமாக்கி நொடிக்கு 50 ஃபிரேம் எடுப்பதே சரியான வழி. கட்டளை எழுதி வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) மென்பொருள் பழகியவர்கள் அதன் பிவ்டிஃப் (bwdif) ஃபில்டரைப் பயன்படுத்தலாம். அது இயல்பாகவே ஃபீல்டுக்கு ஒரு ஃபிரேம் தரும். அதிலேயே உள்ள யாடிஃப் (yadif) ஃபில்டர் இயல்பு நிலையில் 25தான் தரும், மோடை 1 என்று மாற்ற வேண்டும். இரண்டையும்விடத் தெளிவானது க்யூடிஜிஎம்சி (QTGMC) என்ற டிஇன்டர்லேஸ் ஸ்கிரிப்ட். கட்டளை எழுத விருப்பமில்லை என்றால் ஹைப்ரிட் என்ற இலவச மென்பொருளில் அதைத் தேர்ந்தெடுக்கலாம். முதலில் 30 நொடித் துண்டை மீடியம் வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, முழுப் படத்தையும் ஸ்லோவில் ராத்திரி ஓடவிடுங்கள். மெதுவாகத்தான் ஓடும். முகம் மெழுகு போட்டதுபோல் வழவழப்பானால் அதன் நாய்ஸ் நீக்கும் வசதி ஓடுகிறதா என்று பாருங்கள், அதை நிறுத்திவிடலாம்.

சினிமா மாதிரி வர 24 ஃபிரேமாக மாற்ற வேண்டுமா?

வேண்டாம், 25 போதும். 24-க்கும் 25-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, மாற்றும்போது வரும் கோளாறுதான் தெரியும். நொடிக்கு ஒரு ஃபிரேமை நீக்கினால் ஒவ்வொரு நொடியும் ஒரு குலுக்கல். வேகத்தைக் குறைத்தால் ஒரு மணி நேரம் 62.5 நிமிடமாகும், நாதஸ்வரச் சுருதியும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக இறங்கிவிடும்.

மேலே சொன்ன 50 ஃபிரேமில் ஒன்றுவிட்டு ஒன்றை நீக்குங்கள். க்யூடிஜிஎம்சியில் எஃப்பிஎஸ் டிவைசரை 2 ஆக்கினால் அதுவே செய்துவிடும். இது சினிமா மாதிரி தெரிவதற்குக் காரணம் ஷட்டர். சினிமா கேமராவில் 24 ஃபிரேமுக்கு 180 டிகிரி ஷட்டர், அதாவது ஃபிரேமின் பாதி நேரம் திறந்திருக்கும் ஷட்டர், என்றால் ஒவ்வொரு படமும் 1/48 நொடி வெளிச்சம் வாங்கும். பால் கேம்கார்டரின் வழக்கமான ஷட்டர் 1/50. பாதி ஃபிரேமை நீக்கியதும் அசைவின் மங்கல் ஏறக்குறைய அதே அளவுக்கு வந்து நிற்கிறது.

வெயிலில் எடுத்த ஊர்வலக் காட்சியில் இந்தக் கணக்கு பொய்க்கும். ஆட்டோ மோடில் இருந்த கேமரா ஷட்டரைத் தானாகவே 1/250 அல்லது அதற்கு மேலே ஏற்றியிருக்கும். ஒவ்வொரு ஃபிரேமும் கத்தி மாதிரி கூர்மையாக வந்து, 25-ல் வெட்டி வெட்டி ஓடும். க்யூடிஜிஎம்சியின் ஷட்டர் பிளர் செயற்கை மங்கல் சேர்க்கும். ஆனால் கைகள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் இழுபடும். அந்த மாதிரிக் காட்சிகளை நான் 50-லேயே விட்டுவிடுவேன். கீழிருந்து மேலே ஓடும் பெயர்ப் பட்டியலுக்கும் 50தான் நல்லது.

மேலும் கீழும் கறுப்புப் பட்டை போட்டால் சினிமா என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 4:3 படத்தை 2.35 விகிதத்துக்கு வெட்டினால் 576 வரியில் சுமார் 327தான் மிஞ்சும். பாதிப் பேருக்குத் தலை இருக்காது.

50 ஃபிரேம் ஆக்கியபின் ஆள் இரண்டடி முன்னே, ஓரடி பின்னே போகிறார்.

ஃபீல்டு வரிசை தலைகீழ். மினி-டிவி பால் கேசட்டில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். எச்டிவி (HDV), ஏவிசிஎச்டி (AVCHD) கேமராக்களில் மேல் ஃபீல்டு முதலில். ஃபைல் சொல்லும் தகவலை நம்பாமல், வேகமாக அசையும் காட்சியை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். அசைவு ஒரே திசையில் போனால் வரிசை சரி.

மிக்ஸிங் செய்து கொடுத்த டிவிடியில் எந்த ஃபில்டர் போட்டாலும் நிழல் இரட்டையாகவே இருக்கிறது.

ஃபீல்டைப் பிரிப்பதற்கு முன்பே யாரோ அளவை மாற்றியிருக்கிறார்கள். வரிகள் ஒன்றோடொன்று கலந்தபின் எந்த ஃபில்டராலும் அவற்றைச் சுத்தமாகப் பிரிக்க முடியாது. அசல் கேசட் கிடைக்குமா என்று தேடுங்கள். பெரிதாக்குவது, வெட்டுவது, கலர் பார்ப்பது எல்லாம் டிஇன்டர்லேஸுக்குப் பிறகுதான்.

ஓரங்கள் சரியாகிவிட்டன. சிவப்புப் பட்டுப் புடவையின் விளிம்பில் மட்டும் பல் போகவில்லை.

நிறத் தகவலை மாற்றும் படியில், இன்டர்லேஸ் படத்தைப் புரோகிரெசிவ், அதாவது எல்லா வரியும் ஒரே சமயத்தில் எடுத்த படம், என்று மென்பொருள் எடுத்துக்கொண்டிருக்கிறது. பால் மினி-டிவியில் நிறத்தின் வரிகள் வெளிச்சத்தின் வரிகளில் பாதிதான். அவற்றையும் ஃபீல்டு வாரியாகப் பிரித்துத்தான் விரிக்க வேண்டும். டிஇன்டர்லேஸுக்கு முன்னால் நிற மாற்றம் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் அந்தப் படியில் இன்டர்லேஸ் என்று குறியுங்கள்.

டொரண்டோவிலிருந்து அண்ணன் அனுப்பிய கேசட்டுக்கும் இதே முறையா?

அது என்டிஎஸ்சி (NTSC) என்ற வட அமெரிக்க டிவி முறை: 480 வரி, நொடிக்கு 29.97 ஃபிரேம். கேம்கார்டரில் எடுத்தது என்றால் 59.94 ஃபிரேமாக்கிப் பாதியாகக் குறைத்து 29.97-ல் நிறுத்துங்கள். 24-க்கு இறக்க முயன்றால் குலுக்கல்தான் மிஞ்சும்.

ஃபிலிமில் எடுத்து டிவிக்கு மாற்றிய படம் என்றால் கதையே வேறு. ஐந்து ஃபிரேமில் மூன்று சுத்தமாகவும் இரண்டு பல்லோடும் மாறி மாறி வரும். அதற்கு டிஇன்டர்லேஸ் போடக் கூடாது. எஃப்எஃப்எம்பெக்கில் ஃபீல்டுமேட்ச், அதன்பின் டெசிமேட் போட்டால் அசல் 23.976 ஃபிரேம் திரும்பக் கிடைக்கும்.

யூடியூபில் ஏற்ற எந்த அளவு?

அங்கே 50 ஃபிரேம் 720 வரிக்குக் கீழே ஓடாது. 576-ஆகவே ஏற்றினால் பாதி அசைவு போய்விடும். 4:3 படத்தை 1440 × 1080 ஆக்குங்கள், 1920-க்கு இழுத்து மணமக்களைக் குண்டாக்க வேண்டாம். பெரிதாக்கும்போது நிறத்தையும் பழைய டிவிக்கான 601 தரத்திலிருந்து எச்டிக்கான 709 தரத்துக்கு மாற்றுங்கள். மறந்தால் சிவப்பும் பச்சையும் லேசாக நகர்ந்து, தோலின் நிறம் மாறித் தெரியும்.