‘ஐ ஆம் அனாயிங்’ என்றால் ஏன் சிரிக்கிறார்கள்?
வாக்குவாதம் முடிந்த சூட்டில் ‘ஐ ஆம் அனாயிங்’ என்று சொல்லிப் பாருங்கள், எதிராளி சிரித்துவிடுவார். ‘எனக்கு எரிச்சலாக இருக்கிறது’ என்று சொல்ல நினைத்து, ‘நான் எரிச்சலூட்டுகிற ஆள்’ என்று ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அங்கே வரவேண்டியது ‘அனாய்ட்’.

இந்த இரண்டும் ஆங்கில இலக்கணத்தில் பார்ட்டிசிபிள், அதாவது வினையிலிருந்து பிறந்து பெயருக்கு அடைமொழியாக நிற்கும் சொல். நம் பெயரெச்சத்துக்கு ஒருவகையில் ஒன்றுவிட்ட உறவு. ‘இங்’ வடிவம் உணர்ச்சியைக் கிளப்புவதைக் காட்டும். ‘எட்’ வடிவம் அதில் மாட்டிக்கொண்டவரைக் காட்டும். கடிக்கிற கொசு, கடிபட்ட கை மாதிரி.

‘ஹீட்டட் ஆர்க்யுமென்ட்’, அதாவது சூடான வாக்குவாதம், என்பதும் இதே கணக்குதான். வாதம் தானாகச் சூடாவதில்லை, பேசுகிறவர்கள் சூடேற்றுகிறார்கள். அதனால் அங்கே ‘ஹீட்டிங்’ வராது.

மரபுத்தொடர் எல்லாவற்றையும் இப்படிப் பிரித்து மேய முடியாது. ‘பெரி த ஹேச்செட்’ என்றால் நேர்ப்பொருள் கைக்கோடரியைப் புதைப்பது. சொல்லவருவதோ பகையை விட்டுச் சமாதானமாவது. வட அமெரிக்கப் பூர்வகுடிகள் சமாதானத்தின்போது ஆயுதத்தைப் புதைத்த வழக்கத்திலிருந்து வந்தது. அதை அப்படியே மனப்பாடம் செய்வதுதான் வழி.

‘எட்’ வந்தாலே இறந்தகாலம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, நாளைக்கு வரப்போகும் எரிச்சலுக்கும் ‘ஐ வில் பி அனாய்ட்’தான்.