வண்டி வைத்தியம்: சர்வீஸ் செய்த கையோடு நின்றுபோன பைக்

கேள்வி: ஐயா, என்னுடையது 150 சிசி கார்புரேட்டர் பைக். வெள்ளிக்கிழமை வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. சனிக்கிழமை நானே ஆயில் மாற்றினேன். டேங்கைக் கழற்றிப் புது பிளக் போட்டேன். ஃபோம் ஏர் ஃபில்டரையும் கழுவி மாட்டினேன். அதிலிருந்து ஸ்டார்ட் ஆகவே இல்லை. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது; லைட், ஹாரன் எல்லாம் சரி. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவச் சொல்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: வேண்டாம் தம்பி, இப்போதைக்குக் கார்புரேட்டர் பக்கம் போகாதீர்கள். வெள்ளிக்கிழமை ஓடிய வண்டி சனிக்கிழமை சர்வீஸ் முடிந்ததும் படுத்துவிட்டது என்றால், பழுது அநேகமாக நம் கை பட்ட இடத்தில்தான் இருக்கும். புதிதாக இன்னொன்றைப் பிரித்தால் தேட வேண்டிய இடம்தான் கூடும். ஆயில், பிளக், ஃபில்டர் என்று மூன்று வேலை எழுதியிருக்கிறீர்கள். டேங்கைக் கழற்றி மாட்டியதும் ஒரு வேலைதான். அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 32 வருடமாக ஸ்பானர் பிடிக்கிறேன். இந்த மாதிரி வண்டிகளில் பாதிக்குப் பாதி டேங்குக்கு அடியில்தான் விடை கிடைத்திருக்கிறது.

ஸ்பானரை எடுக்கும் முன் இரண்டு விஷயம். ஹேண்டில்பாரைத் துடைக்கும்போது கில் சுவிட்ச் (எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச்) தட்டுப்பட்டு அணைந்திருக்கலாம். சில வண்டிகளில் அது அணைந்திருந்தாலும் செல்ஃப் சுற்றும், ஸ்பார்க் மட்டும் வராது. அடுத்து பெட்ரோல் டேப். டேங்கைக் கழற்ற மூடியிருப்பீர்கள். திறந்தீர்களா? திறந்து அரை நிமிடம் விட்டுப் பிறகு அடித்துப் பாருங்கள்.

அதிலும் கிளம்பவில்லை என்றால் பிளக்கைக் கழற்றி நுனியை விரலால் தொட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது; ஸ்பார்க் இல்லை, அல்லது காற்று போதவில்லை. தேட வேண்டிய இடம் இதிலேயே பாதியாகக் குறைந்துவிடும்.

காய்ந்திருக்கிறதா? டேங்கை மாட்டும்போது பெட்ரோல் ஓஸ் மடிந்தோ நசுங்கியோ இருக்கும். டார்ச் அடித்து, ஓஸ் முழு நீளத்தையும் விரலால் தடவிக்கொண்டே போங்கள். கண்ணுக்குத் தெரியாத மடிப்பு விரலுக்குத் தெரியும்.

நனைந்திருந்தால் முதலில் பிளக் கேப்பை, அதாவது ஒயரின் முனையில் பிளக்மீது மாட்டும் தொப்பியை, பாருங்கள். புது பிளக்கின் தலையில் மரை போட்ட ஒரு குட்டி மூடி இருக்கும். சில வண்டிகளின் கேப்புக்கு அந்த மூடி வேண்டும், சிலவற்றுக்கு அதைக் கழற்றிவிட்டு வெறும் மரைமீதுதான் கேப் உட்காரும். பழைய பிளக்கைத் தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையதில் மூடி இல்லை என்றால் புதியதிலும் கழற்றுங்கள். கேப் சரியாக உட்காரும்போது 'டக்' என்று ஒரு பிடிப்பு கையில் தெரியும். அது தெரியாவிட்டால் கேப் மேலே தொற்றிக்கொண்டு நிற்கிறது என்று பொருள்.

கேப் சரி என்றால், அதிலிருந்து போகும் தடித்த ஒயரைப் பிடித்துக்கொண்டே டேங்குக்கு அடியில் போங்கள். ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் காயில் வரும். காயிலில் ஒன்றோ இரண்டோ மெல்லிய ஒயர்கள் சொருகியிருக்கும். டேங்கைத் தூக்கும்போது அவைதான் இழுபட்டுக் கழன்றுகொள்ளும். பார்வைக்குச் சொருகியிருப்பது போலவே இருக்கும், ஆட்டினால் கையோடு வந்துவிடும்.

ஸ்பார்க் பார்ப்பதென்றால் வெட்டவெளியில் பாருங்கள். பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் இரும்பு உடல் எஞ்சினைத் தொடும்படி வையுங்கள். பிளக் கழற்றிய துளைக்கு அருகில் மட்டும் வேண்டாம். அந்தத் துளை வழியாகப் பெட்ரோல் ஆவி வெளியே அடிக்கும், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். கையால் பிடிக்கவும் வேண்டாம், ஷாக் பலமாக இருக்கும்.

ஸ்பார்க் நீலமாக வருகிறது, பிளக்கும் நனைந்திருக்கிறது என்றால் ஏர் ஃபில்டரைச் சந்தேகப்படுங்கள். ஃபோம் ஈரமாகவே உள்ளே போயிருந்தாலோ, ஆயிலில் முக்கிப் பிழியாமல் போட்டிருந்தாலோ காற்றுக்கு வழி இருக்காது. காயவைத்து, ஆயிலை உள்ளங்கையில் சொட்டவிட்டு ஃபோமில் பிசைந்து, நன்றாகப் பிழிந்து மாட்டுங்கள்.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், தூசி விழாமல் இருக்கட்டும் என்று கார்புரேட்டர் வாயில் ஒரு துணியை அடைத்துவிட்டு ஃபில்டரைக் கழுவப் போனேன். திரும்பி வந்து அப்படியே மாட்டிவிட்டேன். வண்டி கிளம்பவில்லை. பிளக், காயில், கார்புரேட்டர் என்று சாயங்காலம் வரை பிரித்தேன். வண்டிக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் வேலைக்குப் போக வேண்டிய நாள் அது. அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து எதை அடைத்தாலும் அதில் நீளமான ஒரு சிவப்புக் கயிற்றைக் கட்டி, மறுமுனையை ஹேண்டில்பாரில் முடிந்துவிடுவேன். நீங்களும் ஃபில்டர் பெட்டியைத் திறந்து உள்ளே கைவிட்டுப் பார்த்துவிடுங்கள்.

எல்லாம் சரிசெய்த பிறகும் உடனே கிளம்பாமல் போகலாம். பிளக் நனைந்திருந்த வண்டி என்றால், இத்தனை முறை அடித்ததில் ஓவர்ஃப்ளோ ஆகி எஞ்சினுக்குள் பெட்ரோல் அதிகமாகியிருக்கும். பெட்ரோல் டேப்பை மூடி, சோக் போட்டிருந்தால் அதை அணைத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கிப் பிடித்து ஐந்து ஐந்து விநாடியாகச் செல்ஃப் அடியுங்கள். நடுவில் செல்ஃப் மோட்டாருக்குச் சற்று ஓய்வு கொடுங்கள். எஞ்சின் பிடித்ததும் ஆக்ஸிலேட்டரைக் குறைத்து டேப்பைத் திறங்கள். ஆயிலால் ஸ்டார்ட் ஆகாமல் போவது அபூர்வம். வண்டியை நேராக நிறுத்தி அளவு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கார் பேட்டரியைக் கழற்றி டெர்மினலைச் சுத்தம் செய்து மாட்டினேன். இப்போது சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் வருகிறது. பேட்டரி போய்விட்டதா?

பதில்: அவசரப்பட்டுப் புது பேட்டரி வாங்காதீர்கள் அம்மா. கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள். துளி அசைந்தாலும் இறுக்கம் போதாது. லைட்டுக்குக் கொஞ்சம் கரண்ட் போதும், ஸ்டார்ட்டருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். லைட் எரிவதை வைத்து இணைப்பு சரி என்று முடிவு செய்ய முடியாது. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். கிளாம்பின் உள்பக்கத்தையும் உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, தூணின் அடிவரை இறக்கி இறுக்குங்கள். மைனஸ் ஒயரின் மறுமுனை பாடியில் போல்ட் போட்டிருக்கும் இடத்தையும் இறுக்கிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். அதற்குப் பிறகும் 'டிக் டிக்' என்றால் பேட்டரியைச் சார்ஜ் ஏற்றி, சுமை கொடுத்துப் பார்க்கும் லோடு டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.