சுருதியோடு இருபது நிமிடம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். சங்கீதம் கச்சேரிக்கு மட்டும் உரியதல்ல, அன்றாடத்தில் அதற்கு இடம் வேண்டும் என்று தொடர்ந்து எழுதுகிறீர்கள். நான் பாட்டுக் கற்றவள் அல்ல. காலைச் சமையலில் தொடங்கி இரவு வரை வீட்டில் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் பாடகர் சுருதியில் இருக்கிறாரா என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாட்டியின் தம்புரா ஒன்று பரணில் கிடந்தது. இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். மீட்டினால் ‘டொப் டொப்’ என்கிறது. என்னைப் போன்றவர்களுக்கு அதனால் பயன் உண்டா? இல்லை, கைபேசிச் செயலியே போதுமா?

க., மயிலாடுதுறை

அன்புள்ள க.,

முதலில், நாள் முழுக்க ஓடும் பாட்டை நிறுத்துங்கள். வேலைக்கு நடுவே பின்னணியில் ஓடும் எதையும் காது சீக்கிரமே ஒதுக்கப் பழகிவிடும். உங்களுக்கு நேர்ந்திருப்பது அதுதான். தினம் இருபது நிமிடம், வேறு வேலை இல்லாமல் கேட்டால் போதும். அதில் முதல் பத்து நிமிடத்தைப் பாட்டுக்குக் கொடுக்காமல் சுருதிக்குக் கொடுங்கள். பாடத் தெரியாதவர்களுக்குத்தான் தம்புரா அதிகம் தேவை என்பது என் உறுதியான எண்ணம். பாடுகிறவர் தன் குரலைக் கொண்டே சுருதியைத் தேடிக்கொள்வார். கேட்பவருக்கு அந்த வழி இல்லை.

‘டொப் டொப்’ என்பதற்குப் பழைய தந்தியும், ஜீவாளி (தந்திக்கு அடியில் வைக்கும் நூல்) இல்லாததும்தான் பெரும்பாலும் காரணம். குடத்தில் வெடிப்போ, தண்டி (நீண்ட கழுத்து) சேரும் இடத்தில் விரிசலோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்கள் கை வைக்க வேண்டாம். தஞ்சாவூரில் வீணை செய்யும் பட்டறைகளில் தம்புராவும் பழுது பார்ப்பார்கள், உங்கள் ஊரிலிருந்து தூரமில்லை. மரம் நன்றாக இருந்தால் நான்கு தந்திகளையும் ஒரேயடியாக மாற்றுங்கள். பஞ்சமம் (‘ப’), சாரணி, அனுசாரணி (இரண்டும் ‘ச’) மூன்றும் எஃகு, மந்தரம் (கீழ்ஸ்தாயி ‘ச’) பித்தளை. துரு ஏறிய தந்தி எவ்வளவு முறுக்கினாலும் தெளிவாகப் பேசாது. புதுத் தந்தி சில நாள் இறங்கிக்கொண்டே இருக்கும். முடிச்சு இறுகும்வரை அப்படித்தான், பயப்பட வேண்டாம். தந்தியை முறுக்கும் பிருடை வழுக்கினால் சாக்பீஸ் தூளைத் தடவி, உள்ளே அழுத்தியபடி திருப்புங்கள். மழைக்காலத்தில் மரம் ஊதி இறுகிக்கொண்டால் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். பிறகு அது எங்கும் நிற்காது.

சுருதி சேர்க்கும்போது நடுவிலுள்ள இரண்டு ஷட்ஜத் (‘ச’) தந்திகளிலிருந்து தொடங்குங்கள். செயலி இங்கேதான் உதவும். அதில் ஷட்ஜத்தை வைத்து முதல் சாரணியைச் சேர்த்துவிட்டு, செயலியை அணைத்துவிடுங்கள். அடுத்த தந்தியைக் காதால் சேருங்கள். இரண்டையும் சேர்த்து மீட்டினால் ஒலி ஏறி இறங்கி அலையடிக்கும். ஒன்று விநாடிக்கு 208 அதிர்வு, மற்றது 209 என்றால் விநாடிக்கு ஓர் அலை. நெருங்க நெருங்க அலை மெதுவாகி, சேர்ந்ததும் நின்றுவிடும். அந்த அலையைக் கேட்கத் தெரிந்துவிட்டால், பாடகர் சுருதியில் இருக்கிறாரா என்ற உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. பிறகு மந்தரம், கடைசியாகப் பஞ்சமம். எந்தத் தந்தியையும் மேலிருந்து இறக்கி நிறுத்தாதீர்கள். கொஞ்சம் கூடுதலாகவே இறக்கிவிட்டு, மேலேற்றி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் தண்டியின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் மேருவுக்குப் பின்னால் தளர்ந்து நிற்கும் பகுதி, மீட்ட மீட்ட இழுபட்டுச் சுருதி இறங்கும். நுண்ணிய வித்தியாசத்துக்குப் பிருடையைத் தொடாமல், குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் குதிரைக்குக் கீழே, தந்தியில் கோத்திருக்கும் மணியை நகர்த்துங்கள். கீழ்நோக்கித் தள்ளினால் சுருதி ஏறும்.

இனி ஜீவாளி. தம்புராவின் உயிர் அதில்தான் இருக்கிறது. குதிரையின் மேற்பரப்பு லேசான வளைவு உள்ளது. தந்திக்கும் அதற்கும் நடுவே ஒரு பருத்தி நூலை நுழைத்து, தந்தியை மீட்டிக்கொண்டே நூலை மயிரிழை மயிரிழையாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் ஒலி திடீரென்று விரிந்து ரீங்கரிக்கும். அங்கே நிறுத்துங்கள். தாண்டினால் ஒலி மறுபடி மொட்டையாகும், அல்லது கரகரக்கும். நான்கு தந்திக்கும் அந்த இடம் வேறுவேறு. நூல் வைத்ததும் சுருதி சற்று மாறும், மணியால் சரிசெய்யுங்கள். நூல் எங்கே நகர்ந்தாலும் ரீங்காரம் வரவில்லை என்றால் தந்தி குதிரையில் பள்ளம் அறுத்திருக்கிறது என்று அர்த்தம். அதை இழைத்துச் சரிசெய்வது கைவினைஞர் வேலை. உப்புத்தாளை எடுத்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்துவிடாதீர்கள்.

அதிரும் தந்தி அந்த வளைவை உரசி உரசிப் பிரிவதால்தான் மேல்ஸ்தாயி இசைக்கூறுகள் (அடிப்படைச் சுரத்தைப்போல் இரண்டு, மூன்று என முழு மடங்கு அதிர்வுள்ள ஒலிகள்) இவ்வளவு வலுவாக எழுகின்றன. தந்தியை மீட்டும் இடத்தைப் பொறுத்துச் சில கூறுகள் எழவே கூடாது என்பது பழைய விதி. தம்புராவிலும் வீணையிலும் அந்த விதி செல்லாது என்று சி.வி. ராமன் 1921-இல் எழுதினார். நம் கைவினைஞர்கள் நூலால் கண்ட விஷயம் அது.

மீட்டுவது எளிது. பஞ்சமத்துக்கு நடுவிரல், மற்ற மூன்றுக்கும் ஆள்காட்டி விரல். நகம் படாமல் விரல் சதையால் வருடுங்கள், சுண்டாதீர்கள். நான்கு தந்தியும் ஒரு சுற்று வர நான்கைந்து விநாடி எடுத்துக்கொள்ளலாம். தாளத்தோடு சேர்க்க முயல வேண்டாம். கண்ணை மூடி மந்தரத் தந்தியை மட்டும் கவனியுங்கள். சில நாட்களில் அதற்குள் ஓர் அந்தர காந்தாரம் (ஒரு ‘க’ சுரம்) கேட்கும். யாரும் மீட்டாத சுரம் அது! மந்தர ஷட்ஜத்தைப்போல் ஐந்து மடங்கு அதிர்வுள்ள கூறு. கீபோர்டின் காந்தாரம் அதைவிட ஏறக்குறைய அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு தூக்கலாக இருக்கும். தம்புராவில் பழகிய காதுக்கு அது உறுத்தும், உறுத்தட்டும்.

மீதிப் பத்து நிமிடத்தில் மோகன ராகத்தில் ஒருநாள், ஹம்ஸத்வனி ராகத்தில் ஒருநாள் என்று ஒரு மாதம் மாற்றி மாற்றி ஆலாபனை கேளுங்கள். ச ரி க ப வரை இரண்டும் ஒன்றே. அடுத்து மோகனத்தில் தைவதம் (‘த’), ஹம்ஸத்வனியில் நிஷாதம் (‘நி’), அவ்வளவுதான். அந்த ஒரு சுரம் ராகத்தின் முகத்தையே எப்படி மாற்றுகிறது என்று கேட்டாலே போதும். ராகப் பட்டியல் மனப்பாடம் எதுவும் வேண்டாம்.

செயலி கெட்டதல்ல. பயணத்தில் அதுதான் துணை. ஆனால் ஐந்தரைக் கட்டைத் தம்புராவின் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண்) மந்தர ஷட்ஜம் விநாடிக்கு 104 அதிர்வு. கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் அது அநேகமாக வராது, ஹெட்போனிலோ நல்ல ஸ்பீக்கரிலோ கேளுங்கள். அதைவிடப் பெரிய குறை, செயலியில் நீங்கள் சேர்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. காது தேறுவது சேர்க்கும் அந்த ஐந்து நிமிடத்தில்தான்.

கடைக்குப் போகும்போது கட்டையைச் சொல்லித் தந்தி கேளுங்கள். பாட்டி பாடிய தம்புரா என்பதால் அநேகமாக நாலரையிலிருந்து ஆறு கட்டைக்குள் இருக்கும். ஆண் குரல் கச்சேரிகளோடு மீட்டலாமே என்று ஒரு கட்டைக்கு இறக்கினால் தந்தி தொளதொளத்து நாதமே எழாது. வெயிலும் ஏ.சி. காற்றும் நேராகப் படாத மூலையில், சுவரில் சாய்க்காமல், குடத்துக்கு அடியில் துணிச் சும்மாடு வைத்துப் படுக்கப் போடுங்கள். சில வாரம் ஊரில் இருக்க மாட்டீர்கள் என்றால் எல்லாப் பிருடையையும் அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டுப் போங்கள்.