பெண்களுக்கு ஓட்டு வந்த வழி: வரலாற்று டீச்சரிடம் சில கேள்விகள்

கேள்வி: டீச்சர், இங்கிலாந்தில் பெண்கள் ஜெயிலுக்குப் போய் ஓட்டு வாங்கினார்கள், நமக்குச் சுதந்திரத்தோடு சும்மா கிடைத்துவிட்டது என்கிறார்களே, நிஜமா? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: இல்லைம்மா. இப்படி யாராவது சொன்னால் எனக்கு மனசே ஆறாது. 1917 டிசம்பரில், பிரிட்டிஷ் அரசில் இந்திய விவகாரங்களைக் கவனித்த மந்திரி மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று அவரை நேரில் பார்த்து ஓட்டுரிமை கேட்டது. ஏற்பாடு செய்தவர் மார்கரெட் கசின்ஸ். அயர்லாந்துக்காரர்; ஓட்டுரிமைக்காக ஜெயிலுக்கும் போனவர். அதே ஆண்டில்தான் அடையாறில் இந்திய மாதர் சங்கமும் தொடங்கியது. யாருக்கு ஓட்டுத் தரலாம் என்று பார்க்க அடுத்து வந்த சவுத்பரோ கமிட்டி, நாட்டு வழக்கத்துக்கு இது ஒத்துவராது என்று கையை விரித்துவிட்டது. கடைசியில் 1919 இந்திய அரசுச் சட்டம், முடிவை மாகாண சட்டசபைகளிடமே தள்ளிவிட்டது. பெண்கள் விடவில்லை. நீதிக்கட்சி ஆட்சியில் இருந்த சென்னை சட்டசபை 1921 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுதான் முதல். நம் பாடப்புத்தகத்தில் இதற்கு இன்னும் நிறைய இடம் கொடுத்திருக்கலாம்.

கேள்வி: அப்படியானால் 1921லேயே எங்கள் ஊர்ப் பெண்களும் ஓட்டுப் போட்டிருப்பார்களா? (விவசாயி, மன்னார்குடி)

பதில்: பெரும்பாலும் இல்லை ஐயா. சொத்தோ வரி கட்டிய கணக்கோ இருந்தால்தான் ஓட்டு. ஆண்களிலேயே கொஞ்சம் பேருக்குத்தான் அது இருந்தது. பெண்கள் பேரில் நிலம் எங்கே இருந்தது? 1935 இந்திய அரசுச் சட்டம் சொத்துள்ளவரின் மனைவிக்கும் விதவைக்கும் வழிவிட்டதால் எண்ணிக்கை கூடியது. ஆனாலும் கூலிவேலை செய்த பெண் வெளியேதான் நின்றாள். 21 வயதான எல்லோருக்கும் ஓட்டு என்றது நம் அரசியல் சாசனம்தான்.

கேள்வி: தேர்தலில் நிற்கும் உரிமையும் கூடவே வந்ததா?

பதில்: இல்லை, அது 1926இல். அந்த ஆண்டே கமலாதேவி சட்டோபாத்யாய சென்னை சட்டசபைக்குப் போட்டியிட்டு, கொஞ்ச ஓட்டில் தோற்றார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராக உள்ளே போய், துணைத் தலைவராகவும் ஆனார்.

கேள்வி: முதல் பொதுத் தேர்தலில் லட்சக்கணக்கான பெண்களின் பெயரை நீக்கினார்களாமே, ஏன் டீச்சர்? (பள்ளி ஆசிரியர், மதுரை)

பதில்: கிட்டத்தட்ட 28 லட்சம் பேர். பட்டியல் எடுக்கப் போன ஊழியரிடம் பல பெண்கள், வடக்கே குறிப்பாக, சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. அந்நிய ஆணிடம் பெயர் சொல்லும் வழக்கமில்லை. அதனால் ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்றே எழுதி வந்தார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. பெயரைச் சொல்லித் திருத்திக்கொள்ள பீகாரில் கூடுதல் அவகாசமும் கொடுத்தார்கள். அப்படியும் வராதவை நீக்கப்பட்டன. அவர் கண்டிப்பாக இருந்தது சரி என்பதே என் கருத்து. ஒருமுறை விட்டுக்கொடுத்திருந்தால், ‘இன்னாரின் மனைவி’ என்றே பட்டியலில் நிலைத்திருக்கும். அதற்காக அந்த 28 லட்சம் பேரின் இழப்பைச் சின்னதென்று சொல்ல மாட்டேன். ஓட்டு இருந்தும் அவர்கள் அந்தத் தேர்தலில் போட முடியவில்லை.

கேள்வி: எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டி 1952இல் எப்படி ஓட்டுப் போட்டிருப்பார்?

பதில்: அப்போது முத்திரை குத்தும் வேலையே இல்லை. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி. பெட்டிமேல் சின்னம் ஒட்டியிருக்கும். மறைவுக்குள் போய், காங்கிரஸ் என்றால் நுகம் பூட்டிய இரட்டைக் காளை ஒட்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

கேள்வி: இலங்கையில் 1931லேயே எல்லாப் பெண்களுக்கும் ஓட்டு வந்துவிட்டது. ஆனால் எங்கள் அம்மம்மா அந்த வருசம் போடவில்லை என்றாராம். ஏன்? (யாழ்ப்பாணம்)

பதில்: அம்மம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இலங்கை ஆட்சிமுறையைத் திருத்த பிரிட்டிஷ் அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு, பெண்களுக்கு 30 வயதில் கொடுக்கலாம் என்றது. சட்டமானபோது ஆண்களைப் போலவே 21 ஆனது. பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரிய தலைவர்களே எதிர்த்தார்கள் என்பது வருத்தம். ஆனால் அந்தச் சீர்திருத்தம் முழுச் சுயராச்சியம் தரவில்லை என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிக்கச் சொல்ல, குடாநாட்டின் 4 தொகுதிகளிலும் யாரும் நிற்கவில்லை. 1934இல்தான் அங்கே தேர்தல் நடந்தது.

கேள்வி: மலையகப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுங்கள். (ஹட்டன்)

பதில்: கொடுத்த ஓட்டைப் பிடுங்கிக்கொண்ட கதை அது. 1931இல் தோட்டத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்குத்தான் ஓட்டு. நிரந்தரமாகத் தங்கியவர் என்று காட்ட வேண்டியிருந்தது. அதை வைத்தே 1947இல் தோட்டத் தொழிலாளர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் பல இடங்களை வென்றது. 1948 குடியுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் சட்டத் திருத்தமும் வந்து, கொழுந்து பறித்த பெண்களும் அவர்கள் வீட்டு ஆண்களும் ஒன்றாகவே பட்டியலிலிருந்து விழுந்தார்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பலரை இந்தியாவுக்குக் கப்பலேற்றியது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது.