பட்டாம்பூச்சிக் குழு தொடங்க வலைக்கூடம் வேண்டுமா?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் மாணவர்களும் ஊர் இளைஞர்கள் சிலரும் சேர்ந்து பட்டாம்பூச்சிப் பாதுகாப்புக் குழு தொடங்க ஆசைப்படுகிறோம். வலைக்கூடம் கட்டி, உள்ளே பூச்செடி வைத்துப் பட்டாம்பூச்சி வளர்க்க ஒருவர் நன்கொடை தருவதாகச் சொல்கிறார். இப்படித் தொடங்கலாமா? யாரிடம் வழிகாட்டுதல் கேட்பது?

பதில்: வலைக்கூடம் வேண்டாம். அடைத்து வளர்த்தால் நோயும் ஒட்டுண்ணியும் வேகமாகப் பரவும். பட்டாம்பூச்சி இனங்கள் பலவும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருப்பதால், பிடிப்பதற்கே அனுமதி தேவைப்படலாம். நன்கொடையை வாங்கிக்கொள்ளுங்கள், செலவை மாற்றுங்கள். நாற்று, கோடையில் அதற்குத் தண்ணீர், நான்கைந்து உருப்பெருக்கிக் கண்ணாடி, இனம் காணும் கையேடு. இவை போதும்.

பூச்செடியை மட்டும் நம்ப வேண்டாம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. தேன் வளர்ந்த பூச்சிக்குத்தான். புழுவுக்கு அதற்கே உரிய செடியின் இலை வேண்டும். ஒரு கறிவேப்பிலைச் செடி அருகே மாணவர்களை உட்கார வையுங்கள். கறிவேப்பிலை அழகியின் பெண் பூச்சி படபடத்துக்கொண்டே இலையைக் காலால் தொட்டுப் பார்க்கும். கால்வழியே சுவை அறிந்து, இதுதான் என்று உறுதியானதும் வயிற்றை வளைத்து ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டு அடுத்த கிளைக்குப் போகும். அதில் வரும் புழு முதலில் பறவை எச்சம் மாதிரியே இருக்கும், வளர்ந்தபின் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக, இரண்டாகப் பிரிந்த கொம்பு போன்ற உறுப்பு நீளும், கூடவே ஒரு வாடையும் வரும். இதைப் பார்த்த பிள்ளைகள் வீட்டில் அம்மா மருந்தடிக்கப் போனால் தடுப்பார்கள்.

எருக்கில் வெந்தய வரியன், ஆடுதீண்டாப்பாளையில் சிவப்புடல் அழகி, ஆதண்டையில் வெள்ளையன்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு செடி உண்டு. இவற்றில் பலவற்றை நாம் களை என்று வெட்டிப் போடுகிறோம். பள்ளித் துப்புரவு நாளில் வேலியோரத்து எருக்கை விட்டுவைக்கச் சொல்வதே உங்கள் குழுவின் முதல் வேலையாக இருக்கட்டும்.

அடுத்தது எண்ணிக்கை. என்னைக் கேட்டால் குழுவின் உயிரே இதுதான். பிரிட்டனில் 1976 முதல் நடக்கும் கணக்கெடுப்பு முறை எளிமையானது. ஒரு பாதையைத் தேர்ந்துகொண்டு, சீராக நடந்து, இருபக்கமும் இரண்டரை மீட்டர், முன்னால் ஐந்து மீட்டர் தூரத்துக்குள் தெரிபவற்றை மட்டும் எண்ண வேண்டும். வாரம் ஒருமுறை, வெயில் ஏறிய காலை நேரத்தில், அதே பாதையில் நடங்கள். உங்கள் பக்கம் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலம் இருந்தால் அதன் கிளுவை வேலியோரம் நல்ல பாதை. தேதி, நேரம், வெயிலா மேகமா என்பதையும் குறியுங்கள். ஒன்றுமே தென்படாத நாளையும் சுழியம் என்று எழுதியே ஆக வேண்டும். பெயர் தெரியாததை ஊகித்து எழுதாமல், இறக்கையின் மேல்பக்கம், அடிப்பக்கம் இரண்டையும் படமெடுத்து வையுங்கள்.

கவனித்து அறியாமல் காப்பாற்றப் போனால் என்ன ஆகும் என்பதற்கு அதே பிரிட்டனில் வருத்தமான ஓர் உதாரணம் உண்டு. அங்கே பெருநீலன் வகை ஒன்று குறைந்தபோது, சேகரிப்பாளர்கள் பிடித்துப் போவதுதான் காரணம் என்று நினைத்து வேலி போட்டார்கள். ஆடுமாடு மேய்வது நின்றது, புல் உயர்ந்தது, நிலம் குளிர்ந்தது. அந்தப் பூச்சியின் புழு ஒருவகைச் சிவப்பெறும்பின் புற்றுக்குள் வளர்வது. அந்த எறும்புக்கோ குட்டைப் புல்லும் சூடான மண்ணும் வேண்டும். எறும்பு போக, 1979-இல் பூச்சியும் அற்றுப்போனது. ஜெரமி தாமஸ் என்ற ஆய்வாளர் வருடக்கணக்கில் கூர்ந்து பார்த்து இந்தக் கண்ணியைக் கண்டுபிடித்தார். அப்புறம் மேய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்து, சுவீடனிலிருந்து அதே பூச்சியைக் கொண்டுவந்து அங்கே பறக்கவிட்டார்கள், பிழைத்துக்கொண்டது. ஆகவே, கொரங்காட்டில் மாடு மேய்வதைப் பார்த்து உடனே தடுக்க நினைக்காதீர்கள். முதலில் எண்ணுங்கள்.

வழிகாட்டுதலுக்கு உங்களுக்குப் பக்கத்திலேயே கோவையில் டி.என்.பி.எஸ். (தி நேச்சர் அண்ட் பட்டர்ஃபிளை சொசைட்டி) என்ற அமைப்பு இருக்கிறது. தமிழ்நாட்டுப் பட்டாம்பூச்சிகளை ஆவணப்படுத்தி, தமிழ்ப் பெயர்களும் தந்து உழைப்பவர்கள். 2019-இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனைப் பற்றியும் அவர்களிடம் கேட்கலாம். உங்கள் படங்களை ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) இணையதளத்தில் ஏற்றினால் இனம் காணவும் உதவி கிடைக்கும், பதிவும் ஆய்வாளர்களுக்குப் போய்ச் சேரும். செப்டம்பரில் நாடு முழுக்க நடக்கும் பட்டாம்பூச்சி மாதத்தில் உங்கள் குழுவும் சேரலாம்.

வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வரியன், கருப்பன் வகைப் பட்டாம்பூச்சிகள் கிழக்கு மலைகளிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை நோக்கிக் கூட்டமாகப் பறக்கும். அப்போது பள்ளி மைதானத்தில் இரண்டு மாணவர்களை நிறுத்தி, ஐந்து நிமிடத்தில் எத்தனை, எந்தத் திசையில் போகின்றன என்று எழுதச் சொல்லுங்கள். அதற்கு வலையும் வேண்டாம், கூடமும் வேண்டாம்.