வாசகர் கேள்வி: அமெரிக்கத் தனியார் பள்ளிகளில் யார் படிக்கிறார்கள்?

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கும் என் மகள், பேத்தியை ஒரு தனியார் பள்ளியில் சேர்க்க எண்ணுகிறாள். பள்ளியின் தகவல் ஏட்டில் எல்லா நிறத்துக் குழந்தைகளும் சேர்ந்து சிரிக்கிறார்கள். இனத்திலும் வருமானத்திலும் உண்மையாகவே பலதரப்பட்ட பிள்ளைகள் அங்கே படிக்கிறார்களா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இனத்தைப் பொறுத்தவரை ஓரளவு, வருமானத்தைப் பொறுத்தவரை மிகக் குறைவு. 2019ஆம் ஆண்டுக் கணக்கின்படி, அந்நாட்டுத் தனியார் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் வெள்ளையர். அரசுப் பள்ளிகளில் அவர்கள் பாதிக்கும் குறைவு. இதற்கு ஒரு வரலாறு உண்டு. இன அடிப்படையில் தனித்தனி அரசுப் பள்ளிகள் நடத்துவது செல்லாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, தென் மாநில வெள்ளையர் பலர் தங்கள் பிள்ளைகளுக்கெனத் தனியார் பள்ளிகளைத் தொடங்கினர். வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுன்டி 1959 முதல் ஐந்து ஆண்டுகள் அரசுப் பள்ளிகளையே பூட்டி வைத்தது. கறுப்பினப் பிள்ளைகள் பலர் அந்த ஆண்டுகளில் எந்தப் பள்ளியையும் பார்க்கவில்லை. நிறத்தைக் காட்டித் தனியார் பள்ளிகள் சேர்க்கை மறுக்கக் கூடாது என்ற தீர்ப்பு 1976இல்தான் வந்தது.

இன்று வாசலில் தடுத்து நிற்பது கட்டணம். நியூயார்க் நகரின் பேர்பெற்ற பள்ளிகள் சில ஆண்டுக்கு 60,000 டாலருக்கு மேல் வாங்குகின்றன. வருமான வரிசையில் நடுவில் நிற்கும் அமெரிக்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானமே 2023இல் சுமார் 80,000 டாலர்தான்.

முன்பு இவ்வளவு மோசமாக இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம். 1960களில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கத்தோலிக்கப் பள்ளிகளில் படித்தனர்; கன்னியாஸ்திரீகள் மிகச் சொற்ப ஊதியத்தில் கற்பித்ததால், தொழிலாளர் குடும்பங்களாலும் அந்தக் கட்டணத்தைக் கட்ட முடிந்தது. துறவறத்துக்கு வருவோர் குறைந்து, முழுச் சம்பளத்துக்கு ஆசிரியர்களை அமர்த்த நேர்ந்ததும் கட்டணம் ஏறியது, நகர்ப்புறப் பள்ளிகள் பல மூடப்பட்டன; இன்று அப்பள்ளிகளில் படிப்போர் 20 லட்சத்துக்கும் குறைவு. 1968 முதல் 2013 வரையிலான நிலையை ஆராய்ந்த ரிச்சர்ட் மர்னேன், ஷான் ரியர்டன் இருவரும், தனியார் பள்ளியை நாடும் நடுத்தர வருவாய்க் குடும்பங்களின் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததையும், வசதி படைத்தோரின் விகிதம் பெரிதாக மாறாததையும் காட்டியிருக்கிறார்கள்.

பிலிப்ஸ் எக்ஸிட்டர் போலப் பெரும் நிதிவளமுள்ள சில பள்ளிகள் குடும்ப வசதியைப் பாராமலே மாணவரைத் தேர்ந்தெடுக்கின்றன. ஆனால் அத்தகைய பள்ளிகள் மிகச் சில.

நீங்கள் பார்த்த படத்தில் நிறம் தெரியும்; மருத்துவர் வீட்டுக் கறுப்பினப் பிள்ளையும் மென்பொருள் பொறியாளர் வீட்டு இந்தியப் பிள்ளையும் ஒரே வருமானத் தட்டில் இருப்பது தெரியாது. ஆகவே, மொத்த மாணவர்களில் எத்தனை பேர் உதவித்தொகை பெறுகிறார்கள், அது கட்டணத்தில் எவ்வளவு பங்கு, பேருந்து, மடிக்கணினி, சுற்றுலாச் செலவுகளும் அதில் அடங்குமா என்று உங்கள் மகள் பள்ளியிடம் எழுத்து மூலம் கேட்கட்டும்.