ஜிமெயிலிலிருந்து பிரான்சுக்கு ஃபேக்ஸ் போகவில்லையா?

வணக்கம் சார். அப்பாவின் பிரெஞ்சு பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றை, ஃபேக்ஸ் எண்ணை மட்டும் போட்டு ஜிமெயிலில் அனுப்பினால் திரும்பி வருகிறது என்கிறீர்கள். நடுவில் இணைய ஃபேக்ஸ் சேவை ஒன்று வேண்டும். அதில் உங்கள் மெயிலைப் பதிந்துகொண்டு, எண்ணுக்குப் பின்னால் @ போட்டு அவர்கள் தரும் டொமைனை (மெயில் முகவரியில் @-க்குப் பின் வரும் பெயரை) சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணின் முதல் சைபரை எடுத்துவிட்டு, முன்னால் பிரான்சின் நாட்டுக் குறியீடான 33 போடுங்கள்.

சான்றில் உள்ள முத்திரையைத்தான் கவனிக்க வேண்டும். சாதாரண ஃபேக்ஸில் கறுப்பு வெள்ளை மட்டுமே போகும். வெளிர்நீல முத்திரை காணாமலே போய்விடலாம். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் எடுத்து, எழுத்து படிக்க வருகிறதா என்று நீங்களே பாருங்கள்.

பதிலும் ஃபேக்ஸில் வருமென்றால் அந்தச் சேவையில் ஃபேக்ஸ் பெறும் எண்ணோடு உள்ள திட்டமாக எடுங்கள், பிடிஎஃப் ஆக மெயிலுக்கே வரும். இந்த வெயிலில் அப்பாவை நேரு வீதியில் கடைகடையாக அலையவிடாதீர்கள். போய்ச் சேர்ந்ததாக வரும் மெயிலைப் பத்திரமாக வையுங்கள்.